பத்து அங்குலம் போதும்

மைட்டர் சா வாங்கப் புறப்படுகிறவர் கடையில் முதலில் கேட்பது, "பத்து இன்ச்சா, பன்னிரண்டு இன்ச்சா?" என்றுதான். அடுத்தது, "ஸ்லைடிங் உண்டா?" மூன்றாவது, "எத்தனை வாட்?" மூன்றுக்கும் எது பெரிய எண்ணைச் சொல்கிறதோ அதுவே நல்ல மெஷின் என்று எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. கார் ஷெட்டிலோ மொட்டைமாடிக் கொட்டகையிலோ சின்னதாகப் பட்டறை போட்டு, விடுமுறை நாட்களில் மரவேலை பார்க்கிற ஒருவருக்கு இந்த மூன்று கேள்விகளும் இரண்டாம்பட்சம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். நீங்கள் அறுக்கப்போவது எந்த மரம், எந்த அகலம் என்பது முதல் கேள்வி. 45 டிகிரி என்று காட்டும் மெஷின் உண்மையிலேயே 45 டிகிரியில் அறுக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் தேடினால், பெரும்பாலான வீட்டுப் பட்டறைகளுக்குப் பத்து அங்குல பிளேடு கொண்ட, ஸ்லைடிங் இல்லாத, எளிய மெஷினே போதும் என்று தெரியவரும். சிலருக்கு இப்போதைக்கு மைட்டர் சாவே தேவையில்லை என்றும் தெரியவரலாம்.

இந்த மெஷின் எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். கையால் இழுக்கும் ரம்பத்தை மரப்பெட்டியின் சாய்வுக் கீறலில் விட்டு அறுக்கும் மைட்டர் பாக்ஸ் பல நூற்றாண்டுப் பழக்கம். அதே வேலையை மோட்டாரில் செய்யும் மைட்டர் சா 1960-களில் அமெரிக்காவில் ராக்வெல் நிறுவனத்தின் வழியாகச் சந்தைக்கு வந்தது. அங்கே வீட்டுச் சுவரே மரச்சட்டத்தால் ஆனது. தரையோரத்து ஸ்கர்ட்டிங், கதவைச் சுற்றிய பட்டை, கூரையோரத்துக் கார்னிஸ் எல்லாமே நீளமான, குறுகலான மரப்பட்டைகள். ஒரு வீட்டுக்கு நூற்றுக்கணக்கான இடங்களில் அவற்றைக் கோணமாக அறுத்துப் பொருத்த வேண்டும். அந்த வேலைக்காரருக்காகச் செய்யப்பட்ட கருவி இது. நம் ஊர்ச் சுவரோ செங்கல்லும் சிமென்ட்டும், ஸ்கர்ட்டிங் டைல்ஸ், கார்னிஸ் ஜிப்சம். ஆக, இந்த மெஷின் எந்த வேலைக்காகப் புகழ்பெற்றதோ அதில் பெரும்பகுதி நம் வீட்டில் கிடையாது. பல மாடல்களின் கோண அளவுகோலில் 31.6 டிகிரியில் ஒரு பள்ளம் வைத்திருப்பார்கள். அமெரிக்கக் கார்னிஸ் பட்டையைப் படுக்கவைத்து அறுப்பதற்கான கோணம் அது. மெஷினின் தலை இருபுறமும் சாயும் 'டூயல் பெவல்' வசதிக்கும் முக்கியக் காரணம் அதே கார்னிஸ்தான். நம் பட்டறையில் வருடத்துக்கு ஒருமுறைகூடப் பயன்படாத வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

நம் வீட்டு மரவேலையில் பெரும்பங்கு இன்று ப்ளைவுட். எட்டடிக்கு நான்கடி ஷீட். அலமாரியின் பக்கப் பலகை என்றால் இருபத்திரண்டு முதல் இருபத்துநான்கு அங்குல அகலம். கிச்சன் கபோர்டும் கிட்டத்தட்ட அதே. ஸ்லைடிங் இல்லாத பத்து அங்குல மைட்டர் சா நேர்வெட்டில் அறுக்கக்கூடிய அகலம் ஐந்து அங்குலத்தை ஒட்டியது. ஸ்லைடிங் இருந்தால் பன்னிரண்டு, அதிகம் போனால் பதின்மூன்று அங்குலம். அதாவது, எவ்வளவு விலை கொடுத்து எவ்வளவு பெரிய மெஷின் வாங்கினாலும் ஒரு சாதாரண அலமாரியின் பக்கப் பலகையை அதில் அறுக்க முடியாது. ப்ளைவுட்டில் கபோர்டு செய்வதுதான் உங்கள் விருப்பம் என்றால், முதலில் வாங்க வேண்டியது ஏழேகால் அங்குலச் சர்குலர் சாவும், அது வழுக்கிப் போக ஒரு நேரான வழிகாட்டுப் பட்டையும்தான். மைட்டர் சா அதற்கப்புறம். நாற்காலி, ஸ்டூல், பூஜை மாடம், படச்சட்டம், ஜன்னல் சட்டம், பெஞ்சு என்று தேக்கிலும் வேங்கையிலும் வேம்பிலும் சட்டம் சட்டமாக எடுத்து வேலை செய்கிறவர்களுக்கு இது அருமையான துணை. மரவாடியில் கிடைக்கும் இரண்டுக்கு ஒன்று ரீப்பரிலிருந்து நாலுக்கு மூன்று நிலைக்கால் வரை எல்லாம் பத்து அங்குல மெஷினின் வாய்க்குள் அடங்கிவிடும்.

இனி கோணத்துக்கு வருவோம். 60 மி.மீ. அகலமுள்ள சட்டத்தில் ஒரு படச்சட்டம் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலை, எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டும் ஒரே பக்கமாக அரை டிகிரி பிசகினால், ஒரு மூலைக்கு ஒரு டிகிரி, மொத்தம் நான்கு டிகிரி. மூன்று மூலைகளை இறுக்கமாகச் சேர்த்துவிட்டால் அந்த நான்கு டிகிரியும் நான்காவது மூலையில் வந்து நிற்கும். 60 மி.மீ. சட்டத்தில் 45 டிகிரி வெட்டுமுகத்தின் நீளம் ஏறக்குறைய 85 மி.மீ. அந்த நீளத்தில் நான்கு டிகிரி என்றால் ஒரு முனையில் ஆறு மி.மீ. வாய் பிளந்து நிற்கும். பசையோ மரத்தூள் கலந்த புட்டியோ அதை மறைக்காது. அதே பிசகு வெட்டுக்கு 0.1 டிகிரியாக இருந்தால் கடைசி மூலையில் மொத்தமே 1.2 மி.மீ.; நான்கு மூலைக்கும் பகிர்ந்தால் மூலைக்கு 0.3 மி.மீ. கிளாம்ப் இறுக்கும்போது அது காணாமல் போய்விடும். அரை டிகிரிக்கும் பத்தில் ஒரு டிகிரிக்கும் உள்ள இந்த வித்தியாசம்தான் வீட்டில் மாட்டிவைக்கத்தக்க சட்டத்துக்கும் விறகுக்கும் உள்ள வித்தியாசம். மெஷினின் அட்டைப்பெட்டியில் வாட், சுற்று வேகம், அறுக்கும் அகலம் எல்லாம் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

பெரிய மெஷின் இந்த இடத்தில்தான் வீட்டுப் பட்டறைக்காரருக்குப் பாதகமாகிறது. பிளேடு பொருந்தும் தண்டில் ஒரு துளி ஆட்டம் இருந்தாலும், மையத்திலிருந்து தூரம் போகப் போக அது பெருகும். பன்னிரண்டு அங்குல பிளேடின் விளிம்பு பத்து அங்குலத்தைவிட இருபது சதவீதம் தள்ளி இருக்கிறது. அங்கே ஆட்டமும் அதே அளவு கூடும். பிளேடின் தகடும் அகலமாக இருப்பதால் கெட்டி மரத்தில் வளைந்துகொடுக்கும். ஸ்லைடிங் மெஷினில் இதற்கு மேல் இன்னொரு பிரச்சினை. தலைப்பகுதி முழுவதும் குழாய்த் தண்டுகளின் மேல் முன்னும் பின்னும் ஓடுகிறது. தண்டை முழுவதும் வெளியே இழுத்த நிலையில் கைப்பிடியைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். மலிவான மாடல்களில் ஆட்டம் கண்ணுக்கே தெரியும். ஸ்லைடிங்கை உறுதியாகச் செய்ய முடியாது என்பதல்ல. நல்ல நிறுவனங்கள் செய்கின்றன, அதற்குரிய விலையும் வைக்கின்றன. ஒரே பட்ஜெட்டுக்குள் நின்று யோசித்தால், அந்தப் பணத்துக்குக் கிடைக்கும் ஸ்லைடிங் மெஷினைவிட அதே பணத்துக்குக் கிடைக்கும் எளிய மெஷின் திடமாக இருக்கும் என்பதே விஷயம். எடையையும் இடத்தையும் மறந்துவிடக் கூடாது. பன்னிரண்டு அங்குல ஸ்லைடிங் மெஷின்கள் பலவும் 25 கிலோவைத் தாண்டும். பின்பக்கம் தண்டு நீளும் இடத்தையும் சேர்த்தால் மேசைக்கு மூன்றடி ஆழம் வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் மெஷினைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு அதே இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தும் வீடுகளில் இது சின்ன விஷயமல்ல.

"நாளைக்குப் பெரிய வேலை வந்தால்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பத்தடி நீளத்தில் பத்து அங்குல அகலத் தேக்குப் பலகைகளை வரிசையாக அறுத்து புத்தக அலமாரி செய்வது, மாடிப்படிக்கு மரப்பலகை பொருத்துவது போன்றவைதான் உங்கள் அடுத்த வருட வேலை என்றால், ஸ்லைடிங் மெஷினே வாங்குங்கள்; அதில் இருவேறு கருத்து இல்லை. ஸ்லைடிங்கால் கிடைக்கும் லாபம் ஐந்து அங்குலத்துக்கும் பன்னிரண்டு அங்குலத்துக்கும் இடைப்பட்ட பலகைகளில் மட்டும்தான் என்பதையும் கணக்கில் வையுங்கள். அதற்குள் வரும் பலகை எப்போதோ ஒன்று என்றால், சர்குலர் சாவில் மூலைமட்டத்தை முட்டுக்கொடுத்து அறுத்துவிடலாம். சற்று அகலம் மட்டும் கூடுதலான சட்டத்தை ஒரு பக்கம் அறுத்து, திருப்பிப் போட்டு மறுபக்கமும் அறுக்கலாம். கோணம் சரியாக இருக்கும் மெஷினில் இரண்டு வெட்டும் ஒரே கோட்டில் சேரும். வருடத்துக்கு இரண்டு முறை வரும் வேலைக்காக மீதி நாளெல்லாம் ஆட்டமுள்ள மெஷினோடு மல்லுக்கட்டுவது வீண்.

கடையிலேயே மெஷினைச் சோதித்துப் பார்க்க முடியும். மின் இணைப்பு இல்லாத நிலையில் தலையைக் கீழே இறக்கி, மூலைமட்டத்தின் ஒரு கையை ஃபென்ஸ் எனப்படும் பின்தடுப்பில் அழுத்தி, மறு கையை பிளேடின் தகட்டோடு சேர்த்துப் பாருங்கள். பற்களின் மேல் படக் கூடாது; பற்கள் தகட்டைவிடச் சற்றுத் தடித்திருப்பதால் தப்பான அளவு காட்டும். பின்பக்கமாக வெளிச்சம் வருகிற மாதிரி நின்று பார்த்தால் மயிரிழைப் பிசகும் தெரியும். அடுத்து, ஒரு நேரான இரும்புப் பட்டையை ஃபென்ஸின் இடது வலது இரண்டு பாதிகளையும் சேர்த்து வையுங்கள். இரண்டும் ஒரே கோட்டில் இல்லாத மெஷினை அங்கேயே விட்டுவிடலாம். கோணத்தை 45-க்குத் திருப்பி, பள்ளத்தில் விழவைத்து, பூட்டை இறுக்கும்போது பிளேடு நகர்கிறதா என்று கவனியுங்கள். இறுக்குகையில் நகரும் மெஷினில் ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு கோணமாக இருக்கும். எந்த ட்யூனிங்கும் அதைத் தீர்க்காது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு செய்ய வேண்டிய சோதனை ஒன்று. ஏறக்குறைய 120 மி.மீ. அகலமுள்ள, இரு ஓரமும் இணையான பலகையைப் பூஜ்ஜியக் கோணத்தில் நடுவில் அறுங்கள். ஒரு துண்டை அப்படியே வைத்து, மற்றதை மேல்கீழாகப் புரட்டி, ஒரு நேர்ப்பட்டையில் முட்டவைத்து வெட்டுமுகங்களைச் சேருங்கள். மெஷினில் இருக்கும் பிசகு இரண்டு மடங்காகி இடைவெளியாகத் தெரியும். இதைப் பார்த்துப் பார்த்து ஃபென்ஸைத் திருத்திக்கொள்ளலாம். லேசர் கோட்டை நம்பி இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள் ஏமாறுவார்கள். லேசர் தனியாகப் பொருத்தப்பட்ட விளக்கு, அது நகர்ந்துவிடும். பிளேடின் நிழலையே மரத்தின் மேல் விழவைக்கும் எல்.இ.டி. விளக்கு உள்ள மாடல் கிடைத்தால் அதுவே நம்பகமானது. நிழல் பிளேடோடு சேர்ந்தே இருக்கும்.

பெரிய மெஷினைத் தவிர்த்ததில் மிச்சமாகும் பணம் முதலில் பிளேடுக்குப் போக வேண்டும். மெஷினோடு வரும் பிளேடு பெரும்பாலும் 24 முதல் 40 பல் கொண்டது. அறுவை வேகமாக இருக்கும். வெட்டுமுகம் முரடாக, அடிப்பக்கத்தில் நார் பிய்ந்து வரும். 60 முதல் 80 பல் கொண்ட, கார்பைடு முனை வைத்த பிளேடை மாட்டினால் அதே மெஷின் வேறு மெஷின் போல வேலை செய்யும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் சாதாரண எஃகுப் பல் சீக்கிரம் மழுங்கும். கார்பைடு இல்லாமல் தேக்கைத் தொடவே வேண்டாம். பல் எவ்வளவு முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதிகம் முன்சாய்ந்த பல் மரத்தைக் கவ்வி இழுக்கும். அது நீளவாட்டு அறுவைக்கான டேபிள் சா பிளேடு. மைட்டர் சாவுக்குச் சாய்வு பூஜ்ஜியத்தை ஒட்டியோ சற்றே பின்னோக்கியோ இருப்பது பாதுகாப்பு. துளையின் அளவையும் கேளுங்கள். நம் ஊரில் கிடைக்கும் பத்து அங்குல மெஷின்களில் 25.4 மி.மீ., 30 மி.மீ. என்று இரு வகை உண்டு. அமெரிக்கப் பத்து அங்குல பிளேடின் துளையோ 15.88 மி.மீ.; அங்கிருந்து உறவினர் ஆசையாக வாங்கிவரும் பிளேடு இங்கே பொருந்தாது.

மெஷினையே அமெரிக்காவிலிருந்து கொண்டுவரச் சொல்வோர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அது 120 வோல்ட் மெஷின். இங்கே ஓட்ட இரண்டாயிரம் வி.ஏ.வுக்குக் குறையாத ட்ரான்ஸ்ஃபார்மர் தேவை. அதன் எடையும் விலையும் லாபத்தைத் தின்றுவிடும். இங்கே வாங்கும் 1,800 வாட் மெஷின்கூட 230 வோல்ட்டில் எட்டு ஆம்பியரை நெருங்கும். ஸ்டார்ட் ஆகும் கணத்தில் இன்னும் கூடுதலாக இழுக்கும். அறையில் உள்ள சின்ன 6 ஆம்பியர் ப்ளக் அதற்கு ஆகாது. 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயர் 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியாக இருக்க வேண்டும்.

"ஆசாரி ஒரு மார்பிள் கட்டரை வைத்தே வீட்டையே முடித்துவிடுகிறார், இதெல்லாம் எதற்கு?" என்பது நம் ஊரில் அடிக்கடி எழும் ஆட்சேபம். மார்பிள் கட்டரின் காப்புத் தகட்டைக் கழற்றி, ப்ளைவுட் துண்டுக்கு அடியில் தலைகீழாகத் திருகி, மரம் அறுக்கும் பிளேடை மாட்டி, ஸ்விட்சைக் கட்டிவைத்து ஓட்டுவதைப் பல வேலையிடங்களில் காணலாம். கல்லைத் தேய்த்து அறுப்பதற்காக நிமிடத்துக்கு 12,000 சுற்று அளவில் ஓடும் மெஷின் அது. மரத்தின் முடிச்சில் பல் கவ்வினால் துண்டு எகிறும், அல்லது கை உள்ளே போகும். பல வருட அனுபவம் உள்ள தச்சர் பிழைப்புக்காக எடுக்கும் ஆபத்தை, பொழுதுபோக்காக வேலை செய்யும் ஒருவர் எடுக்கக் காரணமே இல்லை. இரும்பு அறுக்கும் பதினான்கு அங்குலக் கட் ஆஃப் மெஷினை மைட்டர் சா என்று நினைத்து வாங்குவதும் நடக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கட் ஆஃப் மெஷினின் காப்பும் ஃபென்ஸும் தேய்த்து அறுக்கும் சக்கரத்துக்கானவை, மரத்துக்கானவை அல்ல. அதேபோல மைட்டர் சாவில் இரும்பு அறுக்கும் சக்கரத்தை மாட்டினால், தீப்பொறி நேராக மரத்தூளில் போய் விழும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஆட்சேபத்தில் எனக்கு மரியாதை அதிகம்: கை ரம்பமும் மைட்டர் பாக்ஸும் இழைப்புளியும் போதுமே என்பது. உண்மை. மாதத்துக்கு ஒரு படச்சட்டம் செய்கிறவருக்கு அவை போதும். அபார்ட்மென்ட்டில் இருப்பவருக்கு அதுவே உத்தமம், ஏனென்றால் இந்த மெஷின் போடும் சத்தத்தை எந்தக் கதவும் தடுக்காது. ஒரே அளவில் இருபது துண்டு, நாற்பது துண்டு தேவைப்படும்போதுதான் மெஷின் தன் விலையைத் திருப்பிக் கொடுக்கிறது. மேசையில் ஒரு கட்டையை ஸ்டாப்பராகக் கிளாம்ப் செய்துவிட்டால் நாற்பதும் ஒரே நீளத்தில் விழும். படச்சட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள் நீளத்தில் ஒன்றாக இல்லாவிட்டால் கோணம் சரியாக இருந்தும் மூலை சேராது என்பதால், மெஷினுக்கு இருபுறமும் மரத்தைத் தாங்கும் நீளமான மேசையும் ஸ்டாப்பரும் வேண்டும். பிளேடுக்கு அடுத்த செலவு இதுதான். மரமே பருவத்துக்குப் பருவம் சுருங்கி விரியும்போது கோணத்தில் இவ்வளவு கறார் ஏன் என்றும் சிலர் கேட்பார்கள். ஈர மரத்தில் செய்த சட்டம் கோடையில் அகலவாட்டில் சுருங்கி, மூலையின் உட்பக்கம் திறந்துகொள்வது உண்மைதான். அதற்கு வழி காய்ந்த மரத்தை வாங்குவது. மரமும் பிசகி மெஷினும் பிசகினால் எதைத் திருத்துவது என்றே தெரியாமல் போகும்.

கடைசியாக, எந்தக் கடைக்காரரும் எடுத்துச்சொல்லாத தூசு. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-லேயே சேர்த்துவிட்டது. மூக்கும் அதைச் சுற்றிய எலும்பறைகளும் பாதிக்கப்படும் இடங்கள். மெஷினின் பின்னால் தொங்கும் துணிப்பை தூளில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும். நுண்ணியது காற்றில் மிதக்கும். வேக்குவம் கிளீனர் குழாய் பொருந்தும் வாய் உள்ள மெஷினைத் தேர்ந்தெடுங்கள். N95 முகக்கவசமும் கண்ணாடியும் காதடைப்பானும் மெஷினோடு ஒரே பில்லில் வாங்குங்கள். பத்து அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,800 சுற்று ஓடும்போது பல்லின் நுனி மணிக்கு ஏறக்குறைய 230 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஸ்விட்சை விட்டதும் ஓரிரு நொடிகளில் பிளேடை நிறுத்தும் எலெக்ட்ரிக் பிரேக் உள்ள மாடலுக்குச் சற்று அதிகம் கொடுப்பது தகும். கை பிளேடிலிருந்து ஆறு அங்குலம் தள்ளியே இருக்க வேண்டும். அதைவிடச் சின்னத் துண்டைக் கிளாம்பில்தான் பிடிக்க வேண்டும். வளைந்த சட்டமானால் புடைத்த பக்கம் ஃபென்ஸைத் தொடட்டும், இல்லையென்றால் வெட்டு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். லுங்கி, தோளில் துண்டு, துப்பட்டா, கையுறை எதுவும் அந்த மேசைக்கு அருகில் வரக் கூடாது.

வாங்குவதற்கு முன்னால் ஒரு தாளில், வரும் ஓராண்டில் செய்ய நினைக்கும் பொருட்களையும், அவற்றில் வரும் மிக அகலமான பலகையின் அளவையும் எழுதிப் பாருங்கள். ஐந்து அங்குலத்துக்குள் அடங்கினால் பத்து அங்குல எளிய மெஷின், நல்ல பிளேடு, நீளமான மேசை. எல்லாம் ப்ளைவுட் என்றால் சர்குலர் சா. உங்கள் ஊரிலேயே சர்வீஸ் சென்டரும் கார்பன் பிரஷும் கிடைக்கிற நிறுவனமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது பையில் ஒரு நல்ல மூலைமட்டமும் இரண்டடி நேர்ப்பட்டையும் இருக்கட்டும். அவற்றை வைத்துப் பார்க்க அனுமதிக்காத கடையில் மைட்டர் சா வாங்காதீர்கள்.